குறைந்தது இரண்டு எழுத்து

திருமுல்லைவாயில்
9.6.2025, திங்கள்

கஜபதி அண்ணாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் 'தெரியலை'யின் காத்திருப்போர் பட்டியலைத்தான் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. நாகம்மா, முத்தாபுதுப்பேட்டை. 'கடைசிப் பெயர்' கட்டத்தில் 'டிடி' என்று போட்டிருந்தார். ஒன்பது நாளாக நிற்கிறார். பெயருக்குப் பக்கத்தில் நம் நிரல் சிவப்பில் எழுதியிருந்தது: 'இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையவை அல்ல.' இந்தச் சிவப்பைத் தாண்ட நாம் இருவரும் ஒப்புதல் தர வேண்டும். நீங்களோ இல்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை. சனிக்கிழமை அம்பத்தூர் கூட்டத்தில் இருபது பேர் பார்க்க உங்கள் கணக்கை நீங்களே அழித்துவிட்டுப் போனதால் அரட்டையிலும் எழுத முடியாது. கடை முகவரிக்குத் தபாலில் போட்டால் தபால்காரர் கையில் கொடுப்பார், வாங்கித்தானே ஆக வேண்டும்.

அன்று நான் சொன்னது இன்னதென்று எழுதிவைத்துவிடுகிறேன். பிறகு நீங்களும் நானும் மாற்றிச் சொல்லக் கூடாது. ஆறு வருடம் முன்னால் நாம் இதைத் தொடங்கியது, நிரல் எழுதுகிறவர்கள் 'எனக்கு இது தெரியலை' என்று வெட்கப்படாமல் தமிழில் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று. பெயரே அதுதான். இன்று ஒருவர் உள்ளே வர என்ன செய்ய வேண்டும்? தளத்தில் பதிய வேண்டும். மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொட வேண்டும். மூன்று நிரல் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கைபேசி எண் தர வேண்டும். பிறகு அரட்டைக்கென்று இன்னொரு கணக்கு, இன்னொரு கடவுச்சொல். இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணிப் பார்த்தேன், பதினொரு படி. சென்ற மாதம் முதல் படியில் கால் வைத்தவர்கள் நாற்பத்தாறு பேர். உள்ளே வந்தவர்கள் மூன்று பேர்.

ஒரு மின்னஞ்சல், ஒரு இணைப்பு, தொட்டால் உள்ளே. கடவுச்சொல்லே வேண்டாம். இதுதான் நான் சொன்னது. அதற்கு நீங்கள், "கதவே இல்லாத ஊடு கட்றீங்களா மேடம்?" என்றீர்கள். ஆறு வருடத்தில் என்னை முதல்முறையாக மேடம் என்றது அன்றுதான். அதற்குத்தான் எனக்கு வருத்தம், கணக்கை அழித்ததற்கு இல்லை.

நாகம்மாவை என்ன செய்வது?

நிவேதிதா

●

பூந்தமல்லி
12.6.2025

மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மின்னஞ்சலில் பதில் போட்டால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் மறுபதில் போடுவீர்கள். தபாலில் போட்டால் எனக்கு மூன்று நாள் நிம்மதி. அதனால் நானும் தபால்தான்.

நீங்கள் படித்தவர். எண்ணிக்கையெல்லாம் எடுத்துவைத்துப் பேசுவீர்கள். நான் கடை வைத்திருப்பவன். வெளியே மெட்ரோ வேலை. நாலு வருடமாகத் தூசு தின்றுகொண்டு அடுத்தவர் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கதவை நான் வேடிக்கைக்குக் கட்டவில்லை. மூன்று வருடம் முன்னால் ஒருவன் மூன்று பெயரில் உள்ளே வந்தான். முதலில் சௌம்யாவுக்கு நிரலில் உதவி செய்தான். பிறகு தனியாகச் செய்தி அனுப்பினான். பிறகு எங்கிருந்தோ அவள் நம்பரைப் பிடித்தான். பிறகு அவள் ஆபீசுக்கே போன் செய்தான். அந்தப் பெண் நம் இடத்தைவிட்டே போனாள். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அவள் அப்பா என் கடைக்கு வந்தார். சண்டை போடுவார், நாலு திட்டு திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நல்ல இடம்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே உட்கார்ந்து பதினொரு படியையும் கட்டினேன். ஒரு படியைக்கூட எடுக்க மாட்டேன். ஒன்பது நாள் காத்திருக்க முடியாதவர் உள்ளே வந்து என்ன செய்யப்போகிறார்?

கஜபதி

●

திருமுல்லைவாயில்
16.6.2025

கஜபதி அண்ணாவுக்கு,

நாகம்மா காத்திருக்கத்தான் செய்தார். காத்திருந்து வேலையை இழந்தார். நேற்று முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முப்பத்தெட்டு வயது. பி.எஸ்சி. கணிதம். கல்யாணத்துக்குப் பிறகு பதினாறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு வருடமாகத் தானாகவே நிரல் கற்றுக்கொள்கிறார். கணவர் தசரதன் ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நிறுவனம் பத்து நாள் கொடுத்து ஒரு வேலையை முடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் நாளே சிக்கிக்கொண்டார். என்ன சிக்கல் என்று கேட்டேன். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறி விழுந்திருக்கிறது. அண்ணா, நம் இடத்தில் கேட்டிருந்தால் பல் தேய்த்துக்கொண்டே யாராவது சொல்லியிருப்பார்கள்.

கேட்கத்தான் நம் வாசலுக்கு வந்திருக்கிறார். தான் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார், நமக்குச் சாட்சி சொல்வதுபோல. கடைசிப் பெயர் கட்டத்தில் முதலில் 'டி' என்று இன்ஷியலைப் போட்டாராம். 'சரியான பெயரை உள்ளிடவும், குறைந்தது இரண்டு எழுத்து' என்று வந்ததாம். புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் ஆகவில்லை. சரி, இரண்டு எழுத்துதானே கேட்கிறது என்று 'டிடி' போட்டிருக்கிறார். கதவு திறந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அரட்டைக் கணக்கைத் தொடங்கும்போது, டிடி என்று போட்டது தப்போ என்று பயந்து, கணவர் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறார். நம் நிரல் உடனே சிவப்புக் கொடி காட்டிவிட்டது. நாகம்மா டிடியும் நாகம்மா தசரதனும் வேறு வேறு ஆட்களாம்.

"என் கடைசிப் பேரு என்னன்னு கேட்டுச்சு மேடம். எனக்கு இருக்கிறதே ஒரு பேருதான். அதுல முதல் எது, கடைசி எது?"

உள்ளேயிருந்து தசரதன், "ரேஷன் கார்டைப் பாரு, அதுல எல்லாத்துக்கும் கடைசியா இருக்கிற பேரு உன்னதுதான்" என்றார். நாகம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது சாப்பாட்டுக்கு. இது என் வேலைக்கு" என்றார். அதன் பிறகு உள்ளேயிருந்து காபி மட்டும் வந்தது.

வந்து மற்ற பதிவுகளைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நானூறு பேருக்கு மேல் அந்த ஒரு கட்டத்தில் நின்றிருக்கிறார்கள். புள்ளி வைத்தவர்கள், கோடு போட்டவர்கள், 'இல்லை' என்று எழுதியவர்கள். ஒருவர் 'அப்பா பெயரா?' என்று நம்மையே திருப்பிக் கேட்டிருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு ஒற்றை எழுத்து இன்ஷியல். நாமோ எங்கோ வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து இரண்டெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. அன்று அதைப் பார்த்துச் சரி என்றவள் நான்.

சௌம்யாவை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவள் அப்பா வந்ததை மூன்று வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களே, அதையும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் அந்தக் கதவு வழியாக ஒருமுறைகூட வந்ததில்லை. கதவு கட்டும் முன்பே உள்ளே இருந்தவர். இப்போது வெளியே இருக்கிறீர்கள். சர்வர் சாவி உங்கள் கையில்தான், பின்வாசல் வழியாக நுழைய ஒரு நிமிடம் ஆகாது. அப்படி வராதீர்கள். புது ஆளாக, முன்வாசல் வழியாக வந்து பாருங்கள்.

நாகம்மாவுக்கு ஜூலை 21-இல் வேறோர் இடத்தில் தேர்வு. நேரில் போய் உட்கார்ந்து செய்து காட்டும் தேர்வு. அதற்கு முன்னால் அவர் உள்ளே வந்து கேட்டுத் தெளிய வேண்டும். நான் தனியாக உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "எனக்கு ஒருத்தர் போதாது மேடம், நான் நிறைய கேப்பேன்."

நிவேதிதா

●

பூந்தமல்லி
21.6.2025

மேடம்,

எனக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த மாதம், கடை நிறைய பழுது. உங்கள் விளையாட்டுக்கெல்லாம் நேரம் இல்லை.

கஜபதி

பி.கு.: அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

●

திருமுல்லைவாயில்
24.6.2025

அண்ணா,

பெரியதோ சின்னதோ, இரண்டு வேண்டும்.

நிவேதிதா

●

பூந்தமல்லி
30.6.2025

நிவேதிதாவுக்கு,

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதானால் அங்கேயே சிரித்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற செல்வகுமார் போனுக்குத் திரை மாற்ற வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் போட்டேன். கடைசிப் பெயரில் 'டி' போட்டேன். துலுக்கானம், எங்கப்பா. இரண்டெழுத்து வேண்டும் என்று நீங்கள் எழுதியும் கை பழக்கத்தில் அதைத்தான் போட்டது. 'சரியான பெயரை உள்ளிடவும்' என்றது. அந்த வரியை எழுதியவனே நான்தான். ஆனாலும் படிக்கும்போது வேறு யாரோ என்னைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, உன் ஊட்டுக்கு நீயே பூட்டு போட்டுக்கினு வெளிய நிக்கிற?"

"மூடிக்கினு உக்காருடா."

"உங்கப்பா பேர்தானே கேக்குது? முழுசா போட்டுட்டுப் போயேன்."

"அவரு செத்து இருபது வருசம் ஆவுது. அவரு இன்னாத்துக்கு இதுல வரணும்?"

"அப்ப என் பேரைப் போடு மாமே, நான் உயிரோடத்தான் கீறேன்."

கடைசியில் துலுக்கானம் என்று முழுதாகப் போட்டேன். எங்கப்பா கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. பிறகு மூன்று கேள்வி. ஒன்றில் தப்பு. நானே போட்ட கேள்வி, பதில் மறந்துவிட்டது. அதையும் செல்வகுமார் பார்த்துவிட்டான். இப்போது பூந்தமல்லி ஸ்டாண்டு முழுக்க என்னைப் பார்த்தால், "உள்ள வுட்டாங்களா?" என்கிறார்கள். இரண்டாவது முறை தேறினேன். கைபேசி எண், கடவுச்சொல், மறுபடி கடவுச்சொல். முக்கால் மணி நேரம். எல்லாம் முடிந்து திரையில் வந்தது: 'முதல் முறை தேறாததால் உங்கள் விண்ணப்பத்தை நிர்வாகிகள் இருவரும் ஏற்க வேண்டும்.' அந்த இருவரில் ஒருத்தன் நான். நான் உள்ளே போக வேண்டுமென்றால் நான் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும்.

சாயங்காலம் வரை எந்த லேப்டாப்பையும் தொடவில்லை.

கதவு சரியில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவே வேண்டாம் என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சௌம்யாவைக் கேளுங்கள். என்னால் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ய முடியவில்லை. இரண்டு முறை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவள் சரி என்றால் எனக்கும் சரி. அவள் வேண்டாம் என்றால் பதினொன்றைப் பன்னிரண்டாக்குவேன். நாகம்மாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

கஜபதி

●

திருமுல்லைவாயில்
8.7.2025

கஜபதி அண்ணாவுக்கு,

சிரித்தேன். என் வீட்டுக்காரர் ஸ்ரீநாத் எட்டிப் பார்த்து, "பூந்தமல்லிக் கடிதமா?" என்றார். படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். "பதினைந்து கிலோமீட்டருக்குத் தபால் எழுதுறவங்க இந்தியாவிலேயே நீங்க ரெண்டு பேராத்தான் இருக்கும்" என்கிறார்.

சௌம்யாவை ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தில் பார்த்தேன். அவளே அங்கே வரச் சொன்னாள், வீட்டில் வேண்டாம் என்று. முதல் நடைமேடையில் இரண்டு மின்ரயில் போகும்வரை பேசினோம். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கதவைச் சுலபமாக்கப் போகிறோம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அக்கா, நான் ஏப்ரல்ல வந்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"புது மெயில் ஐடியில திரும்ப வரலாம்னு பார்த்தேன். போன் நம்பர் கேட்டுச்சு. மூடிட்டேன்."

அண்ணா, அந்தக் கட்டத்தை நீங்கள் அவளுக்காக வைத்தீர்கள். அவள் யாருக்கும் தராத ஒன்று இருக்கிறதென்றால் அது அவள் கைபேசி எண்தான். மற்றவர்கள் இன்ஷியலில் நின்றார்கள், இவள் எண்ணில் நின்றாள்.

மேலும் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அந்த மூணு கேள்விக்கும் அந்த ஆள் கண்ண மூடிக்கிட்டுப் பதில் சொல்லியிருப்பான்க்கா. நல்லா கோடிங் பண்ணுவான். அதனாலதானே நான் நம்புனேன். அவன் தனியா அனுப்ப ஆரம்பிச்சதும் அதை அப்படியே உங்க கண்ணுல காட்ட ஒரு பட்டன் இருந்திருந்தா நான் அழுத்தியிருப்பேன். அன்னைக்கு அது இல்ல. ரெண்டு வாரம் யார்கிட்ட சொல்றதுன்னே தெரியாம சும்மா இருந்தேன்."

அவள் உள்ளே ஒரு வழி இல்லாமல் இருந்தாள், நாம் வெளியே கதவு கட்டிக்கொண்டிருந்தோம். இதை உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது, "கஜபதி சார்கிட்ட சொல்லுங்க, எங்கப்பாவுக்கு அவர் மேல கோபமே இல்ல. லேப்டாப் ரிப்பேரானா இப்பவும் பூந்தமல்லிக்குத்தான் தூக்கிட்டு ஓடுறார். சார்தான் எங்கப்பா முகத்தைப் பார்க்காம உள்ளேயே உட்கார்ந்துக்கிறாராம்" என்றாள்.

நாகம்மாவின் தேர்வுக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது.

நிவேதிதா

●

பூந்தமல்லி
14.7.2025

தங்கச்சிக்கு,

நேற்று சௌம்யாவின் அப்பா வந்தார். வேண்டுமென்றே அனுப்பினீர்களா என்று கேட்க மாட்டேன். சார்ஜர் வேலை செய்யவில்லை என்றார். வேலை செய்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் மெட்ரோவைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிரிந்தோம்.

வேலை முடிந்துவிட்டது. படி மொத்தம் இரண்டு. மின்னஞ்சல் முகவரி போடு, வரும் இணைப்பைத் தொடு. எல்லோரும் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் பொதுத் தளத்தில் ஏற்கெனவே கணக்கு உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், அந்தக் கணக்கோடு அப்படியே நுழையலாம். கடவுச்சொல் கிடையாது, கைபேசி எண் கிடையாது. இரண்டு கணக்கை ஒன்றாக்கிவிட்டேன். உள்ளே வந்ததும் ஒரே ஒரு கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'உங்களை எப்படிக் கூப்பிட?' என்று வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தானாலும் வாங்கும். புள்ளியும் வைக்கலாம். துலுக்கானத்தின் மகன் சோதித்துப் பார்த்துவிட்டான்.

காவலை உள்ளே வைத்துவிட்டேன். புதிதாக வருகிறவர் ஏழு நாள் பொது அறையில் மட்டும்தான் பேசலாம், யாருக்கும் தனியாக அனுப்ப முடியாது. எந்தச் செய்தியாக இருந்தாலும் அதன் பக்கத்தில் 'நிர்வாகிக்குக் காட்டு' என்று ஒரு பட்டன். அதை வரைந்தது சௌம்யா. நிறம் சரியில்லை என்று நாலு முறை மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாதது என்றால் விட்டுவிடுங்கள். பழைய கணக்குகளை மாற்றும்போது 'கடைசிப் பெயர்' வரிசை முழுவதும் கண்ணில் பட்டது. உங்கள் கட்டத்தில் ஸ்ரீநாத் என்று இருக்கிறது. கூட்டத்திலும் சரி, இந்தக் கடிதங்களிலும் சரி, நீங்கள் வெறும் நிவேதிதா என்றுதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதை அப்படியே கொண்டுவரவா, எடுத்துவிடவா?

உங்கள் அண்ணன்
து. கஜபதி

●

திருமுல்லைவாயில்
20.7.2025, ஞாயிறு

அண்ணாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் பால் பாக்கெட்டை எடுத்தேன். அடுப்பில் வைத்தேன். பிறகுதான் திறந்து பார்த்தேன்.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு நாகம்மா உள்ளே. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. நாற்பது விநாடி. 'உங்களை எப்படிக் கூப்பிட?' என்ற கட்டத்தில் நாகம்மா என்று போட்டிருந்தார். டிடியும் இல்லை, தசரதனும் இல்லை. "வணக்கம். எனக்கு ஒன்னு தெரியலை" என்று தொடங்கியவர், ஏழு மணிக்குள் ஆறு கேள்வி கேட்டுவிட்டார். முதல் கேள்விக்கு நாலாவது நிமிடத்தில் பதில் வந்தது. பதில் சொன்னவர், ஏப்ரலில் எண் கேட்டதும் திரும்பிப் போனவர்; அவரை இப்போது வேறொரு பெயரில் கூப்பிட வேண்டுமாம். அது யாரென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நாளைத் தேர்வில் என்ன ஆகுமோ, நாகம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி.

என் அப்பா பெயர் ஜெகந்நாதன். மூன்று வருடம் முன்னால் உங்களைத் தவிர மற்ற எல்லோரும் புதுப் படிவத்தில் ஒருமுறை விவரம் நிரப்ப வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, நான் போட்டது 'ஜெ'க்கு உரிய ஆங்கில எழுத்து ஒன்றுதான். பள்ளியிலிருந்து அதுதான் என் இன்ஷியல், கல்யாணத்துக்குப் பிறகும் நான் மாற்றவில்லை. ஸ்ரீநாத் அதைக் கேட்டதும் இல்லை. கட்டம்தான் கேட்டது. இரண்டு எழுத்து வேண்டும் என்றது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சட்டென்று வந்த பெயரைப் போட்டேன், கதவு திறந்தது. அன்றே உங்களிடம் வந்து, இந்தக் கட்டம் என் பெயரை ஏற்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு உள்ளே போக வழி கிடைத்துவிட்டது, அதோடு விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் நானூறு பேர் அதே இடத்தில் நின்றார்கள்.

நாகம்மாவின் நோட்டைப் பார்த்த அன்றே இது மனதில் பட்டது. உங்களிடம் சொல்லத்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஆகவே எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். அந்தக் கணக்கைத் தொடாமல் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்படி என்பதை ஸ்ரீநாத்திடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவர் சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டு, "கடிதம் இன்னும் முடியலையா? ஆறுது" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போடும் வரை உங்களிடமும் சொன்னதாக ஆகாது. நாளைக் காலை, பால் வைத்துவிட்டு, அந்தப் பழைய கணக்கை நானே அழிக்கப்போகிறேன், நிர்வாகச் சாவியோடு சேர்த்து. பிறகு நாகம்மா வந்த வழியில் புது ஆளாக உள்ளே வருவேன். ஏழு நாள் நான் யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப முடியாது, யாரையும் ஏற்கவும் நீக்கவும் முடியாது. அந்த ஏழு நாள் நீங்கள்தான் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்வீர்கள்.

எப்படிக் கூப்பிட என்று கதவு கேட்கும். என்ன போடுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நான்கு எழுத்து.

நிவேதிதா